பெயர் சொல்லாத படையல்

என் தம்பி மனைவி ராவியா மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோய்விட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நைலின் மேற்குக் கரையில் நல்ல வீடுகளுக்கா பஞ்சம்? பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் படகேறினேன். கையில் ஒரு தூக்கு நிறையப் பருப்புச் சூப்பு இருந்தது. என் தம்பி மகள் ஹனீனுக்கு அது பிடிக்கும்.

கரும்பு வெட்டு முடிகிற சமயம். பாதை முழுக்கச் சோகையும் புழுதியுமாகக் கிடந்தது. கல்லறைகளைக் காக்கவென்று குர்னா மலைமேல் இருந்த வீடுகளை அரசாங்கம் இடித்தபோது எப்படியோ தப்பித்த ஒன்றிரண்டில் ராவியாவின் வீடும் ஒன்று. முன்சுவரில், பழைய சொந்தக்காரர் ஹஜ் போய்வந்ததற்காக வரைந்த விமானம் பாதி உரிந்து, வால் மட்டும் மிச்சமிருந்தது.

"வாங்க அண்ணி! வெளிச்சத்தைப் பாருங்க முதல்ல," என்று என்னைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள் ராவியா. வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஓவியக்காரிகள் எல்லாருமே இப்படியா, இவள் மட்டும்தானா, எனக்குத் தெரியாது.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறைக்குப் பின்சுவர் கிடையாது. மலைப்பாறைதான் சுவர். பாறையில் ஒரு வாசல். அதற்குத் தொல்பொருள் அதிகாரிகள் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"மலைக்குள்ள வீடா, வீட்டுக்குள்ள மலையா?" என்றேன்.

"கம்பி வழியா எட்டிப் பாருங்க."

உள்ளே பழைய கல்லறை ஒன்றின் முன்கூடம். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை; தோண்டினால் தண்ணீர் வருவதற்குமுன் கல்லறை வரும். எதிர்ச் சுவரில் நிறம் மங்காத ஓவியம். ரொட்டி, தோலுரித்த வாத்து, வெங்காயக் கட்டு, பேரீச்சை, குடுவைகள் என்று மேசைமேல் குவித்து வைத்திருந்தார்கள். மேசைக்கு எதிரே சிங்கக்கால் வைத்த ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவரை மட்டும் யாரோ, எந்தக் காலத்திலோ, உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். தலைக்கு மேலிருந்த பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஆள் உருவத்தில் அம்மைத்தழும்பு விழுந்த வெறும் பாறை உட்கார்ந்திருந்தது.

"ஆளை அழிச்சவங்க சாப்பாட்டை விட்டுட்டாங்க பாருங்க. என்ன அழகா இருக்கு!" என்றாள் ராவியா.

"அழகா? இத்தனை சாப்பாட்டை எதுக்க வச்சிட்டு ஆளை இல்லாம பண்ணியிருக்காங்க. பார்க்கவே வயிறு எரியுது."

கம்பி இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. அதில் வௌவால் எச்சமும் பழைய தேனும் கலந்த மாதிரி ஒரு வாடை இருந்தது. நான் முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

என் தம்பி நூபி இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பாலைவனச் சாலையில் அவனுடைய பிக்கப் வண்டி கவிழ்ந்தது. அதிலிருந்து ராவியா தூரிகையைத் தொடவே இல்லை. இப்போது கெய்ரோவில் ஒரு கலைக்கூடம் அவளிடம் படம் கேட்டிருந்தது. உணவுப் பொருள்களை மட்டும் மேசைமேல் வைத்து வரைகிற படங்கள். அதுவும் பழங்காலத்து வண்ணங்களில். அவளே மணலும் செம்புத்தூளும் சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்துக் குயவன் சூளையில் வேகவைத்து அந்த நீலத்தை எடுத்திருந்தாள். மலையிலிருந்து காவிமண். செம்புக் கல்லை அரைத்துப் பச்சை. விளக்குப் புகையிலிருந்து கறுப்பு. மஞ்சளுக்குத் தாளகம். எல்லாவற்றையும் கருவேலம் பிசினில் குழைத்து, வெள்ளைச் சுண்ணம் பூசிய பலகையில் தீட்டினாள். கிண்ணங்களைக் காட்டியபோது அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. அதனால் வீட்டைப் பற்றி நான் சொல்ல நினைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

"தாளகம் விஷமாச்சே. வீட்ல குழந்தை இருக்கு," என்று மட்டும் சொன்னேன்.

"பூட்டித்தான் வச்சிருக்கேன் அண்ணி. நான் என்ன பைத்தியமா?"

அடுத்த வாரம் நூபியின் அடக்கத்தலத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு கூடை ரொட்டி, பேரீச்சை, இனிப்பு ரொட்டி கொண்டுபோய், இறந்தவர் பெயரைச் சொல்லி அங்கே வருகிற ஏழைகளுக்குக் கொடுப்போம். வாங்குகிறவர்கள் அவருக்காக இரக்கம் வேண்டுவார்கள். அந்தக் கூடை வெறுங்கூடையாகத்தான் வீடு திரும்பவேண்டும்.

அன்றைக்குப் பார்த்து மணற்காற்று கிளம்பியது. வானம் மஞ்சளாகிக் கண்ணெதிரே கை தெரியவில்லை. வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. நாங்கள் இருவரும் ஹனீனை நடுவில் போட்டு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினோம். காற்று கொஞ்சம் ஓய்ந்ததும், "படகுத்துறைல கொடுத்துடலாம்," என்றேன்.

ராவியா கூடைத் துணியை விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய மணல் படிந்த ரொட்டிகள். வெயிலில் பொங்க வைத்துச் சுட்ட உருண்டை ரொட்டிகள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவை பொன்போல் இருந்தன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணி, ஒரே ஒரு நாள். வரைஞ்சிட்டு நாளைக்கே கொடுத்துடறேன்."

"கல்லறைக்குப் போன ரொட்டி வீட்டுக்கு வராது ராவியா."

"நான் சாப்பிடவா கேக்கறேன்? பார்க்கத்தானே போறேன்!"

நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காற்றோடு போய்விட்டாள். ஹனீன் அவள் கையைப் பிடித்தபடி திரும்பித் திரும்பி எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த தடவை நான் போனபோது படம் முடிந்திருந்தது. நான் கணக்கு டீச்சர். ஓவியம் எனக்கு எட்டாத சரக்கு. ஆனாலும் அதன் முன்னால் வாயடைத்து நின்றேன். நீலப் பின்னணியில் ஒரு மேசை. மேலே கூடையிலிருந்த ரொட்டிகளும் பேரீச்சையும், ராவியா சேர்த்துக்கொண்ட வெங்காயக் கட்டும் வாத்தும். நிஜ மேசைக்கு எதிரே கிடந்த மர நாற்காலியையும் காலியாக அப்படியே வரைந்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க நன்றாகப் பசித்தது.

"கூடை எங்க?"

"கொடுக்கத்தான் எடுத்தேன். பூஞ்சை பிடிச்சிடுச்சு அண்ணி. நைல்ல போட்டுட்டேன்."

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தோம். ஹனீன் ரொட்டியைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது?

"சாப்பிடேன்டி ராஜாத்தி."

"அவங்க இன்னும் உட்காரல," என்று கிசுகிசுத்தாள்.

"எவங்க?"

பின்னறையில் மண் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இப்ப சாப்பிடலாம்," என்றாள் ஹனீன்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அறையில் யாருமில்லை. கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கியது. நாற்காலி மேசையை ஒட்டி நகர்ந்திருந்தது. அதன் பலகையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

திரும்பி வருவதற்குள் ஹனீன் தன் ரொட்டியை முடித்து என்னுடையதையும் தின்றுகொண்டிருந்தாள். பிறகு ராவியாவுடையதையும் தின்றாள். "பசிக்குது அத்தை," என்றாள். "வயித்துக்குள்ள ஒட்டகம் கட்டியிருக்கியா?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டேன். எந்த ருசியும் இல்லை. உப்பைத் தூவினேன், உப்பும் கரிக்கவில்லை. காகிதத்தை மெல்வதுபோல் மென்று விழுங்கினேன். வயிற்றுக்குள் எதுவும் போனதாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை இளைக்கத் தொடங்கினாள். நாள் முழுக்கத் தின்றாள். தின்னத் தின்ன எலும்பு தெரிந்தது. தாளக விஷம்தான் என்று முடிவுகட்டி ராவியாவைக் கண்டபடி திட்டினேன். முடியும் நகமும் கெய்ரோவுக்குப் போய்ப் பரிசோதனையாகி வந்தன. விஷம் துளிகூட இல்லை என்றார் டாக்டர். "நல்லா சாப்பாடு கொடுங்கம்மா," என்றும் சொன்னார். எனக்கு அவர் மேசையைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாம்போல் இருந்தது. ஷேக் வந்து ஓதினார். ஓதிய நேரம் குழந்தை அமைதியாகத் தூங்கினாள். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எழுந்து ரொட்டி கேட்டாள். என் வீட்டுக்கு ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போனேன். என் வீட்டு மேசையிலும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தாள். என் வீட்டுக்குள்ளும் அந்தத் தேன் வாடை வந்தது.

அப்போதுதான் ஒரு நாள் தற்செயலாக அது தெரியவந்தது. ஹனீன் அழுததைப் பொறுக்காமல் தெருவில் விற்ற வறுத்த உருளைக்கிழங்கை வாங்கிக் கொடுத்தேன். ஒரு பொட்டலம் தின்றாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு அத்தை," என்றாள்.

ராவியாவிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் எழுந்து ஒரு தக்காளியை நறுக்கி உப்பு போட்டுக் கொடுத்தாள். குழந்தை அதையும் ரசித்துத் தின்றாள்.

"ரொட்டி, வெங்காயம், வாத்து, பேரீச்சை, பருப்பு," என்று விரல் மடக்கினாள் ராவியா. "எல்லாம் அந்தக் காலத்துலயே இருந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்ப கிடையாது. அது யாரா இருந்தாலும், இதெல்லாம் அதுக்குத் தெரியாது அண்ணி."

அதுவரை நாங்கள் இருவரும் 'அது' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு ஏனோ பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. "அத்தனை வருஷப் பசிக்காரருக்கு உருளைக்கிழங்கு வறுவல் தெரியாதாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தோம். தக்காளி, உருளை, மக்காச்சோளம் என்று ஆக்கிப் போட்டோம். ஹனீனின் கன்னம் மறுபடி உப்ப ஆரம்பித்தது. நான் நிம்மதியாகப் பள்ளிக்குப் போனேன்.

ஒரு நாள் வகுப்பு நடுவே போன் வந்தது. "அண்ணி, உடனே வாங்க," என்றாள்.

போனபோது அவள் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலை நீட்டிக் காட்டினாள்.

மேசையில், ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் இடையே, புதிதாக ஒன்று இருந்தது. காவிச் சிவப்பில் ஒரு உருண்டை. காம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ இலை மாதிரி. தக்காளியை முன்பின் பார்த்திராத யாரோ, சொல்லக் கேட்டு வரைந்ததுபோல் கோணலாக இருந்தது.

"நான் வரையல," என்றாள் ராவியா.

என் பயம் அப்படியே ஆத்திரமாக மாறியது. பெண்பிள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே வாய்ச் சாப்பாட்டையும் பிடுங்க வந்துவிட்டதே! பக்கத்தில் கிடந்த துணியைத் தண்ணீரில் முக்கி அந்தச் சிவப்பை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். பிசின் வண்ணம்தானே, கரைந்து வழிந்தது.

சமையலறையில் தட்டு விழுந்தது.

ஓடினோம். ஹனீன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் தக்காளித் துண்டு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. ராவியா விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தாள். அதன்பிறகு தக்காளியைக் கண்டாலே குழந்தையின் தொண்டை அடைத்துக்கொண்டது. சும்மா ருசியில்லாமல் போகவில்லை. அந்தப் பொருளே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

படத்தில் எதைத் துடைத்தாலும் அது குழந்தைக்கு மறுக்கப்படும். துடைக்காமல் விட்டால் எல்லாவற்றையும் அது தின்னும். படத்துக்குள் உருளைக்கிழங்கும் வந்துவிடும். எப்படியும் வந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அந்த மாலை ராவியா கம்பிக் கதவருகே நின்று உள்சுவரை வெகுநேரம் பார்த்தாள். "அண்ணி," என்றாள் மெதுவாக, "இத்தனை கல்லறை பார்த்திருக்கேன். எந்தச் சுவர்லயும் சாப்பாட்டை மட்டும் தனியா வரைஞ்சதில்ல. எதுக்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர் பேர் இருக்கும். அவருக்கு மட்டும்தான் அந்தப் பந்தி. நாந்தான் ஆளில்லாம வரைஞ்சேன். காலி நாற்காலியை வேற போட்டு வச்சேன். அதுவும் பேர் சொல்லிக் கொடுக்காத கூடையை வச்சு."

"அது நூபிக்காகக் கொண்டுபோன கூடை," என்றேன்.

"ஆமா. அவருக்குன்னு கொண்டுபோனோம். அவருக்குன்னு சொல்லல."

வெளியே கழுதை வண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"அந்த நாற்காலியில அவரை வரைஞ்சு உட்கார வச்சிட்டா?" என்றாள்.

தொழுகிற வீட்டில் இதென்ன வேலை என்று எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் நூபி அந்தக் குழந்தையின் தகப்பன். தன் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறவன் இல்லை. உரியவன் வந்து உட்கார்ந்தால் மற்றது எழுந்துதானே ஆகவேண்டும்? "வரை," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவள் வரைந்தாள். அவனுடைய சாம்பல்நிறக் கலபியா அங்கி, அடர்ந்த மீசை, இடப் புருவத்துத் தழும்பு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை ரொட்டிக்கு நீட்டியிருந்தான். முகத்துக்கு வண்ணம் தீட்டும்போது அவள் கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. அதையும் சேர்த்துக் குழைத்துத் தீட்டினாள். தலைக்கு மேலே பெயர் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னேன்.

"இது என் தம்பி நூபிக்கு. வேற யாருக்கும் இல்ல."

கம்பிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றது. தேன் வாடையும் போனது. அப்படி ஒரு அமைதி.

ஹனீன் தூக்கக் கலக்கத்தோடு வந்து ரொட்டி கேட்டாள். கொடுத்தோம். மடியில் கை வைக்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

"போதும் அத்தை."

இந்த ஒரு சொல்லைக் கேட்க நாங்கள் எத்தனை நாள் தவம் கிடந்தோம்! ராவியாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். மிச்ச ரொட்டியை நான் தின்றேன். உப்புக் கரித்தது.

அதன்பின் பரீட்சை, விடைத்தாள் என்று நான் கொஞ்ச காலம் அக்கரைக்குப் போக முடியவில்லை. போனில் பேசும்போதெல்லாம் "நல்லா சாப்பிடறா," என்பாள் ராவியா. அதற்குமேல் எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றுவாள். கலைக்கூடத்துக்குப் படத்தை அனுப்பிவிட்டாயா என்றேன். "இல்ல," என்றாள். வீடு மாறலாமே என்றேன். அதற்கும் "இல்ல".

பெருநாள் கழிந்து ஒரு பகலில் போனேன். ஹனீன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பூசணிக்காய்போல் உருண்டு திரண்டு இருந்தாள். தூக்கினால் தூக்க முடியவில்லை. எனக்கு மனம் நிறைந்துபோனது. ஆனால் ராவியாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னறை பூட்டியிருந்தது.

"ஏன் பூட்டி வச்சிருக்கே?"

"தூசி அண்ணி."

"எனக்குத் தம்பியைப் பார்க்கணும். திற."

"வேணாம் அண்ணி. டீ போடறேன். உட்காருங்க."

இந்த வீட்டில் என்னை இவள் உட்காரச் சொல்வதே முதல் தடவை. ஆணியில் தொங்கிய சாவியை நானே எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்ததும் அந்தத் தேன் வாடை முகத்தில் அறைந்தது.

படம் அதே இடத்தில் இருந்தது. அதே நீலம். மேசைமேல் சாப்பாடு முன்னைவிடப் பெருகியிருந்தது. தக்காளி இருந்தது. உருளைக்கிழங்கு இருந்தது. இப்போது கோணல் இல்லாமல் அச்சாக இருந்தன.

நாற்காலியில் நூபி இல்லை.

நாற்காலியில் வண்ணமே இல்லை. ஆள் உருவத்தில் பூச்சு பெயர்ந்து, உளி கொத்தியதுபோல் குழி குழியாக வெறும் பலகை தெரிந்தது. அது நன்றாகச் சாய்ந்து, வசதியாக உட்கார்ந்திருந்தது.

என் தம்பி மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். ஒரு கையில் குடுவை, மறு கையில் ரொட்டி. இடுப்பை வளைத்து, தலையைக் குனிந்து, அதற்குப் பரிமாறிக்கொண்டிருந்தான். கலபியா தொளதொளத்துத் தொங்கியது. கழுத்தெலும்பு புடைத்துக்கொண்டிருந்தது. மீசைக்குக் கீழே கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலைக்கு மேல் அவன் பெயர் அப்படியே இருந்தது. நான் உரக்கச் சொல்லிக் கொடுத்த அதே பெயர்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"முதல் வாரத்திலேயே எழுந்து நின்னுட்டார்," என்றாள் ராவியா வாசலிலிருந்து. உள்ளே வரவில்லை. "அப்புறம் குடுவையை எடுத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமா குனியறார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? என் தம்பிடி அவன்! செத்தும் நிம்மதி இல்லாம எவனுக்கோ எடுபிடி வேலை பார்க்கறான். நீ சாவியை மாட்டிட்டு சும்மா இருக்கே!"

"அவ சாப்பிடறா அண்ணி," என்றாள்.

வாளியில் தண்ணீர் இருந்தது. துணியும் இருந்தது. முக்கிப் பிழிந்தேன். ஒரே இழுப்பு. குடுவையும் கையும் குனிந்த முதுகும் பெயரும் கரைந்து வழிந்துவிடும். அவன் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவான். துணியை உயர்த்தினேன். ஈரம் முழங்கை வழியாகச் சொட்டியது.

பின்னாலிருந்து மெல்லும் சத்தம் கேட்டது.

ஹனீன் வாசலில் தாயின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். கையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கடைவாயில் துணுக்கு ஒட்டியிருந்தது. ரசித்து, கண்ணை மூடி மென்றாள். நூபியும் அப்படித்தான் சாப்பிடுவான்.

எவ்வளவு நேரம் கையைத் தூக்கியபடி நின்றேன் என்று தெரியாது. கை கடுத்தது. துணியை வாளிக்குள் போட்டேன். ராவியா சத்தமில்லாமல் அழுதாள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

ஹனீன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு என்னைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். பாலாடைக்கட்டி மணக்க என் காதோடு வாயை வைத்தாள்.

"அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"என்னடி?"

"எல்லாருக்கும் பரிமாறியாச்சாம். அப்பாவுக்கு எப்ப சாப்பாடுன்னு கேட்டாங்க."